கோழிக்கூட்டுக்குப் போன இணைப்பு

ஜெரிசனுக்கு அலுவலகத்தில் ஒரே வேலைதான். பலரும் எழுதி எழுதி முடிவே இல்லாமல் நீண்டு கிடக்கும் விக்கி இணையப் பக்கங்களுக்கு மேலே, தலைப்புகளை வரிசைப்படுத்தி உள்ளடக்கப் பட்டியல் போடுவது. உள்ளடக்கத்தில் ஒரு தலைப்பைத் தொட்டால் பக்கம் அந்த இடத்துக்கே பாயவேண்டும். அது பாயும்போதெல்லாம் தானே மதில் பாய்ந்ததுபோல அவனுக்குப் புல்லரிக்கும்.

வீட்டுக்கும் ஒரு விக்கிப் பக்கம் வைத்திருந்தான். அது தொழில் பக்தியில்லை, முழுத் தந்திரம்.

"வேலையளை வாயாலை சொல்லாதையும், நிவே. மறந்துபோவன். விக்கியிலை எழுதும், பாத்துச் செய்யிறன்" என்று கலியாணமான புதிதிலேயே மனைவி நிவேதனாவிடம் சொல்லிவிட்டான்.

அவளும் எழுதினாள். எழுதிக்கொண்டே இருந்தாள். பக்கம் கண்டி வீதிபோல நீண்டது. ஜெரிசன் மேலே இரண்டு வரியைப் பார்ப்பான், மூடிவிடுவான். கேட்டால் பதில் தயார்: "ஐயோ, அவ்வளவு கீழை நான் போகேல்லையப்பா!"

போன கிழமை கீரி வந்து அவளுடைய வெள்ளை அடைக்கோழியைக் கொண்டுபோய்விட்டது.

"கூட்டுக் கம்பிவலை பிஞ்சுபோச்செண்டு எழுதினனான் எல்லே?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"கீழை எழுதியிருப்பீர்."

நிவேதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதை அவன் வெற்றி என்று எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் துள்ளிக்கொண்டு வந்தான். மறுநாள் காலையில் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் மட்ச். கூட்டாளிமாரோடு போக எல்லாம் ஆயத்தம். அதைவிடப் பெரிய சந்தோசம் வேறு.

"நிவே! எங்கடை அலுவலகத்திலேயே ஆக நீட்டுப் பக்கம் இண்டைக்கு முடிஞ்சுது! தொட்டால் பாயுது! மனேச்சர் கை தந்தவர்!"

"அங்கை பக்கமெல்லாம் பாயுது. இஞ்சை நீங்கள் பாயிலை கிடக்கிறியள்" என்றபடி தேத்தண்ணியை வைத்தாள் நிவேதனா. "எங்கடை வீட்டுப் பக்கத்துக்கும் உப்பிடி ஒண்டு போடலாமோ எண்டு யோசிச்சனான். பிறகு விட்டிட்டன். அது உங்களாலை ஏலாதப்பா."

"என்னாலை ஏலாதோ?"

"சரியான நீட்டு. அலுவலகப் பக்கம் மாதிரி இல்லை."

தேத்தண்ணி ஆறிப்போனது. ஜெரிசன் கணினிக்கு முன்னால் குந்தி எழும்பவேயில்லை. சமையலறை, கிணத்தடி, ஆடுற கட்டில், ஒழுகுற ஓடு, கோழிக்கூடு என்று தலைப்புகளைப் பிரித்தான். ஒவ்வொன்றுக்கும் இணைப்புக் கொடுத்தான். "கிணத்தடி பாயுது!" என்று கத்தினான். "கட்டிலும் பாயுது, நிவே!" பக்கத்து வீட்டு மக்டலீன் அக்கா, என்ன கலவரமோ என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"முடிஞ்சுது! வந்து பாரும்!"

நிவேதனா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்கள் விரிந்தன. "சோக்காயிருக்கு! ஆனா எல்லாம் சரியா வேலை செய்யுதோ? ஒண்டு பிழைச்சாலும் உங்கடை பேருக்கெல்லே கூடாது?"

"பிழைக்கிறதோ?" ஜெரிசன் நெஞ்சை நிமிர்த்தினான். "ஒண்டு விடாமல் நானே தொட்டுப் பாத்தனான்! அடி வரைக்கும் போய்க் கடைசி வரியும் வாசிச்சனான்! கோழிக்கூடெண்டு தொட்டன், டக்கெண்டு கோழிக்கூட்டிலை போய் நிண்டன்!"

"கம்பிவலை எண்டும் இருந்ததோ?"

"ஓம், முதல் வரியே அதுதான்!"

"நல்லதாப் போச்சு. நாளைக்குக் காலமையும் அங்கையே போய் நில்லுங்கோ, வலையும் சுத்தியலும் வீட்டுக்குப் பின்னாலை கோடிப்பக்கம் வைச்சிருக்கிறன்."