ஒன்பது மஞ்சள் பொட்டும் ஒரு கறுப்புக் கோட்டும்

2023, மார்ச் 14, செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். இரண்டு தம்ளர் வெந்நீர் குடித்தேன். பின்கட்டில் வைத்திருக்கும் மழைப் போத்தலைப் பார்த்தேன் (காலி ஊறுகாய்ப் போத்தலில் அளவுகோல் ஒட்டியது; வீட்டில் என்னைத் தவிர யாரும் அதை மதிப்பதில்லை). மழை: இல்லை. 5.55க்குச் சாமி கும்பிட்டேன். 6.10க்குக் கோப்பி. 6.25க்குக் குளிக்கப் போனேன்.

அந்த நாளில் ஒழுங்காக நடந்தவை இவ்வளவுதான்.

இருபத்து நான்கு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்பது கணக்கு. இந்த நாள் மட்டும் நான்கு பக்கம் பிடித்தது. நான்கிலும் முட்டாளாக இருப்பவன் நான்தான்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் இருபத்தொரு வருடம் வேலை பார்த்தவன். முதலாளிகள் தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வேலை போய் அன்றோடு 151 நாள். பத்தொன்பது விண்ணப்பம் போட்டேன். பதினெட்டுக்குப் பதிலே இல்லை. பத்தொன்பதாவது கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு ஜப்பான் கம்பெனி. ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை. நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

என் மகள் ஷாலினி ஜித்ராவில் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். “படிப்ப கொஞ்சம் நிறுத்திட்டு நான் வேலைக்குப் போறேன்பா” என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் முறை கோபப்பட்டேன். இரண்டாவது முறை பேசாமல் இருந்தேன். மூன்றாவது முறை சொல்வதற்குள் இந்த வேலை கிடைத்தாக வேண்டும்.

அழைப்புக் கடிதத்தில் ‘ஃபார்மல் உடையில் வரவும்’ என்று ஒரு வரி இருந்தது. எதையும் அரைகுறையாகச் செய்வது என் வழக்கமில்லை.

“ப்பா, ஃபார்மல்னா கைநீளச் சட்டையும் டையும் போதும்லா. கோட்டெல்லாம் யாரும் போட மாட்டாங்க” என்றாள் ஷாலினி, வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தவள்.

“கடிதத்தில் ‘போதும்’ என்று எங்கே போட்டிருக்கிறது?” என்று கேட்டேன். (இப்படிப்பட்ட ஒரு மனிதனோடு இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய என் மனைவி வசந்தாவுக்கு அரசாங்கம் ஏதாவது பட்டம் கொடுக்கலாம்.)

பட்டணத்துத் துணிக்கடையில் கோட்டு விலையைப் பார்த்துவிட்டு, அட்டையைத் திரும்ப உள்ளே செருகிவிட்டு வந்தேன். அடுத்துப் போனது பண்டல் கடை. வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளைப் பிரித்து மாட்டி வைத்திருப்பார்கள். அங்கே கம்பியின் கடைசியில் அது தொங்கியது. கன்னங்கரேலென்று, பளபளப்பே இல்லாத, சுருக்கமே விழாத கோட்டு. அதே துணியில் பேண்ட். கழுத்தில் ஒரு கறுப்பு டைகூடச் சுற்றியிருந்தது.

கடைக்கார மலாய் அக்கா விடவில்லை. “பாராங் ஜெப்பூன், அபாங்! பாகுஸ்! தீகா பூலோ லீமா சாஜா!”

ஜப்பான் சரக்காம், நல்ல தரமாம், முப்பத்தைந்து வெள்ளிதானாம். போட்டுப் பார்த்தேன். தோள்பட்டை எனக்கென்றே வெட்டியதுபோல் உட்கார்ந்தது. பேண்டைத் தைத்தவர்கள் மட்டும் என் வயிற்றை எதிர்பார்த்திருக்கவில்லை. கொக்கி மாட்டினால் மூச்சு விடக் கூடாது. மூச்சு விட்டால் கொக்கி இருக்காது. இதைச் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் விரித்துக் காட்டியதும் வசந்தா ஒரு அடி பின்னால் போனாள்.

“என்னங்க இது? எழவு வீட்டுக்குப் போற துணி மாதிரி இருக்கு!”

“கோட்டு என்றால் கறுப்பாகத்தான் இருக்கும்.”

“நல்ல காரியத்துக்குப் போறப்ப யாராச்சும் உச்சியிலேருந்து பாதம் வரைக்கும் கறுப்பப் போடுவாங்களா? அதுவும் யாரு போட்டதோ, அந்த ஆளு இருக்காரோ, போயிட்டாரோ!”

நான் ஒரு தாளை எடுத்து, இந்தக் கோட்டு ஏன் சிறந்தது என்பதற்கு ஏழு காரணங்களை எண் போட்டு எழுதிக் கொடுத்தேன். நான்காவது காரணம்தான் எனக்குப் பெருமை. உள்பையின் மேலே பொன்னிற நூலில் இரண்டு ஜப்பான் எழுத்துகள் பூத்தையல் போட்டிருந்தன. “பார், தைத்த கம்பெனிக்காரன் தன் முத்திரையைப் போட்டிருக்கிறான். மட்டமான துணிக்கு யாராவது இப்படிச் செய்வார்களா?”

வசந்தா தாளை மடித்து உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை குளித்துவிட்டு வந்தபோது கோட்டு கட்டிலின் மேல் உள்பக்கம் வெளியே தெரியும்படி விரிந்து கிடந்தது. வசந்தா கையில் கிண்ணம். கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். புதுத்துணி கட்டும் முன் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைப்பது எங்கள் வீட்டில் உள்ள வழக்கம்தான். ஆனால் இவள் கோட்டின் முதுகுப்பக்கத்து உள்துணியில் மூன்று வரிசையாக வைத்திருந்தாள்.

“எத்தனை பொட்டு இது?”

“ஒம்போது. கிரகத்துக்கு ஒண்ணு. புதுசுக்கு ஒண்ணு போதும். இது அடுத்தவன் துணி, கறுப்பு வேற. உள்ளதான இருக்கு, யாரு பாக்கப் போறா?”

“ஈரம் காயவில்லையே!”

“போறதுக்குள்ள காஞ்சிரும். சும்மா போட்டுக்குங்கலா.”

அவள் வேலை பார்க்கும் பாலர் பள்ளிக்கு நேரமாகிவிட்டது. என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுக் கிளம்பினாள். வாசலில் நின்று, “நல்லபடியா பேசுங்க. ஏழு காரணம் எட்டுக் காரணம்னு ஆரம்பிச்சிராதீங்க” என்றாள்.

எங்கள் வீடு இருக்கும் பாக்கார் ஆராங்கிலிருந்து 7.50க்குக் காரை எடுத்தேன். காரில் ஏர்கோன் பிப்ரவரி 2ஆம் தேதியோடு நின்றுவிட்டிருந்தது. கோட்டைக் கழற்றிப் பின்னால் வைத்திருக்கலாம். கசங்கிவிடும் என்று போட்டுக்கொண்டே ஓட்டினேன். ஐம்பத்திரண்டு நிமிடம். கூலிம் போய்ச் சேர்ந்தபோது இட்லிப் பானைக்குள் இருக்கும் இட்லியின் நிலைமை எனக்குப் புரிந்திருந்தது.

வாசல் காவலர் நம்மவர். என்னைப் பார்த்ததும் விறைப்பாக சல்யூட் வைத்தார். “டத்தோ, வாங்க. நேரா போயி ரைட்ல பார்க்கிங் இருக்கு.” நான் அரசாங்கப் பட்டம் வாங்கிய டத்தோ இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், மூச்சு வெளியேறியது, கொக்கி அசைந்தது. வாயை மூடிக்கொண்டு டைரக்டர்கள் நிறுத்தும் இடத்தில் காரை விட்டேன்.

காத்திருந்த மற்ற இருவரும் கைநீளச் சட்டை, சாதாரண டை. என்னைப் பார்த்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள். நேர்முகம் நடத்துபவர் என்று நினைத்துவிட்டார்கள்போல. நானும் உட்காராமல் நின்றேன். மூன்று பேரும் சிறிது நேரம் நின்றுகொண்டே இருந்தோம்.

அறைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஆள் எடுக்கும் பிரிவின் மேலாளர் புவான் (திருமதி) ரோஹாயா, ஜப்பான்காரப் பொறியாளர் திரு. மோரி. மோரி என் கோட்டைப் பார்த்தார், டையைப் பார்த்தார், முகம் வாடியது. மெதுவாக எழுந்து மிக ஆழமாக வணங்கினார். அவர் நிமிரும் முன் நானும் குனிந்தேன். (கொக்கி அங்கேதான் போனது. பிறகு முழு நேர்முகத்திலும் இடது கை என் இடுப்பிலேயே இருந்தது.) தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். வைத்தியர்கள் பேசுவதுபோல் தணிந்த குரலில் கேள்விகளைக் கேட்டார். கேட்டுவிட்டு, “பிறகு சொன்னாலும் பரவாயில்லை” என்றார். இவ்வளவு அன்பான நேர்முகத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இருபது நிமிடம் கழித்து ஸ்டோரைக் காட்டுவதாகச் சொன்னார்கள். உள்ளே போக மேலங்கி போட வேண்டும்; கோட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். மேலங்கி மாட்டியிருந்த சுவரை நோக்கித் திரும்பினேன்.

எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த காலடிகள் நின்றன.

“என்சிக் மணியம்,” என்று என் பெயரைத் ‘திரு’ போட்டுக் கூப்பிட்டார் புவான் ரோஹாயா. அருகில் வந்தார். முகர்ந்து பார்த்தார். “இனி குன்யிட் கா?”

மஞ்சள்தானா என்று கேட்கிறார். சுவரில் இருந்த கண்ணாடியில் என் முதுகைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, சாசர் அளவில் மஞ்சள் வட்டங்கள். வியர்வையில் ஊறிக் கரைந்து, கீழ்வரிசை பேண்டுக்குள் பயணம் போய்க்கொண்டிருந்தது.

151 நாள் என் கண்முன் வந்து நின்றது. ஷாலினி மூன்றாவது முறையாகக் கேட்கப்போவது காதில் கேட்டது. வேறு வழி தெரியாமல் உண்மையைச் சொன்னேன். பண்டல் கடை, முப்பத்தைந்து வெள்ளி, கறுப்புக்கு வசந்தா பயந்தது, கிரகத்துக்கு ஒன்றாக ஒன்பது பொட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி, ஈரம் காயாதது.

புவான் அதை ஆங்கிலத்தில் மோரியிடம் சொன்னார். மோரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “அப்படியானால் உங்கள் வீட்டில் யாரும் இறக்கவில்லையா?”

“இல்லையே!”

அவர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். பிறகு கோட்டை வாங்கிப் பார்த்தார். பளபளப்பில்லாத இந்தக் கறுப்பும் கறுப்பு டையும் அவர் ஊரில் சாவு வீட்டுக்கு மட்டும் போடுவதாம். நான் சவ அடக்கத்திலிருந்து நேராக வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம். உள்பையின் மேலிருந்த தங்க எழுத்துகளைக் காட்டி, “இது எந்தக் கம்பெனி?” என்று கேட்டேன்.

“கம்பெனி இல்லை. கோண்டோ. கோட்டின் சொந்தக்காரர் பெயர்.”

புவான் ரோஹாயா அதற்குமேல் அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “பினி என்சிக் பாண்டாய்லா!” கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். என் மனைவி கெட்டிக்காரி என்று அன்று ஒரு அந்நியர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஸ்டோருக்குக் கூட்டிப்போனது மரியாதைக்காகத்தான் என்று நினைத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மூன்றாவது அடுக்கருகே என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது: “அட்டையில் நாற்பது என்றிருக்கிறது. பெட்டி முப்பத்தெட்டுதான் இருக்கிறது.”

மோரி நின்றார். விரல் நீட்டி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். முப்பத்தெட்டு. புவான் ரோஹாயாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

பழைய சூப்பர்வைசர் போய் ஒரு வாரமாகிவிட்டது, நாளைக்கே வர முடியுமா என்று கேட்டார்கள். கம்பெனிச் சட்டை இரண்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கொடுத்தார்கள். “நாளைக்கு இதைப் போட்டு வாங்க. கோண்டோ வீட்டிலேயே இருக்கட்டும்” என்றார் புவான்.

வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன். “வேலை கெடச்சிருச்சா?” என்று இரண்டு முறை கேட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு ஷாலினியைப் போனில் கூப்பிட்டு, “நீ ஒழுங்கா படிலா, அப்பாவுக்கு வேலை கெடச்சிருச்சு” என்றாள். சிரித்தது அதற்குப் பிறகுதான். சிரித்துக்கொண்டே உப்பு டப்பாவுக்கு அடியிலிருந்த தாளை எடுத்து, நான்காவது காரணத்தைப் போனில் உரக்கப் படித்தாள்.

இன்றும் நான் எதற்காவது விரலை மடக்கிக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் வசந்தா வாதாடுவதில்லை. “கோண்டோ” என்கிறாள். அவ்வளவுதான், நான் விரலை இறக்கிவிடுகிறேன். ஷாலினி இப்போது வேலை பார்க்கும் இடத்தில்கூட இந்தக் கதை தெரியுமாம். கோட்டு அலமாரியில் தொங்குகிறது. உள்ளே மஞ்சள் போகவே இல்லை. கோண்டோ யாரென்று எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 15, புதன்கிழமையின் பக்கத்தில் முதல் வரி இப்படி இருக்கிறது: காலை 5.40க்கு எழுந்தேன். வெந்நீர் குடிக்கவில்லை, மழைப் போத்தலைப் பார்க்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், வசந்தா எழும் முன் மஞ்சளைக் குழைத்து, புதுக் கம்பெனிச் சட்டையின் ஓரத்தில் நானே ஒரு பொட்டு வைத்தேன்.