மாமாவுக்காகப் பஞ்சாக்கிய பிக்கப்

சொந்தமாக வாகனம் வைத்திருக்கும் இளைஞனுக்கு இரண்டு வியாதிகள் வரும். ஒன்று, நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றிப் பார்ப்பது. மற்றது, கழற்றியதைத் திரும்பப் பூட்டத் தனக்குத் தெரியும் என்று நம்புவது. எனக்கு இரண்டும் ஒரே வயதில் வந்தன. (கூடவே காதலும் வந்தது. மற்ற இரண்டும் முற்றிப்போனதற்கு அதுதான் காரணம்.)

அப்போது யுத்த காலம். தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு, ஒரு பழைய பிக்கப்பை வைத்து ஹயர் ஓடிக்கொண்டிருந்தேன். டவுனிலிருந்து தோட்டத்துக் கடைகளுக்கு அரிசியும் மாவும் ஏற்றுவேன். கல்யாணம், காதுகுத்து என்றால் ஆட்களை ஏற்றுவேன். எங்கள் தோட்டத்து ரோட்டில் பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். அவற்றில் உரசி வண்டியின் எண்ணெய்த் தொட்டி ஓட்டையானதும், டவுனில் கராஜ் வைத்திருந்த சுனில் பாஸிடம் கொண்டுபோனேன். (எங்கள் பக்கத்தில் மெக்கானிக், தச்சன், கொத்தன் எல்லாருமே ‘பாஸ்’தான்.) அவர் முன்பக்கத்தை உயர்த்தினார். பின்பக்கத்து ஸ்பிரிங் அடுக்குகளில் லொறியிலிருந்து கழற்றிய தடித்த பட்டைகளைச் சேர்த்தார். வண்டி எழும்பி நின்றது. ஏறுவதற்குக் கிழவிகளுக்கு முக்காலி போட வேண்டியிருந்தது. எனக்கோ சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருப்பதாக நினைப்பு.

மூட்டை ஏற்றினால் சமத்தாகப் போகும். வெறும் வண்டியாக ஓட்டினால் பின்பக்கம் வெள்ளாட்டுக்குட்டி மாதிரி துள்ளும்.

என் அம்மாவின் அண்ணன் பக்கத்துத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தார். அவருடைய மகள்தான் தேவிகா. முறைப்படி எனக்கு உரிமைப் பெண். மாமாவின் கணக்குப்படி, ஹயர் ஓட்டுகிறவனுக்கு எட்டாத பெண். ஒரு நாள் மாமா பஸ்ஸைத் தவறவிட்டு என் வண்டியில் ஏறினார். முதல் பள்ளத்தில் அவர் தலை கூரையில் இடித்தது. அடுத்த பள்ளத்தில் மூக்குக்கண்ணாடி கழன்று என் மடியில் விழுந்தது. இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “இது வண்டியாடா? ஒரலு. இதுல என் மகள ஏத்தலாமுன்னு கனவு காணாத” என்றார்.

வேறு யாராவதாக இருந்தால் இதைக் கேட்டு மனமுடைந்திருப்பார்கள். நானோ ஸ்பிரிங்கைச் சரிசெய்தால் பெண் கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் டயரில் காற்றைக் குறைத்தேன். கொஞ்சம் தேவலை. பிறகு பின்னால் மணல் மூட்டைகள் போட்டேன். மழையில் மணல் கசிந்து ஓடியது. பட்டைகளுக்கிடையே கிரீஸை அப்பினேன். கிறீச்சென்ற சத்தம் அப்போதும் நிற்காததால், பழைய மோட்டார்சைக்கிள் டியூபை வெட்டி ஸ்பிரிங் அடுக்கைச் சுற்றிக் கம்பியால் இறுகக் கட்டினேன். (இந்தக் கம்பியைப் பற்றி நான் பெருமைப்பட்ட காலமும் உண்டு.)

சுனில் பாஸிடம் போய்க் கேட்டேன். “வண்டிய ஒசத்தியாச்சு, ஷொக் அப்சோபர் பழையதுதான் கெடக்கு மல்லி. அது கட்டை. எட்டாம இழுத்துப் புடிக்குது. நீளமானது போடணும். வெசாக் முடிஞ்சு வா. அதுவரைக்கும் பட்டையில கை வைக்காத” என்றார் சிங்களத்தில். (மல்லி என்றால் தம்பி.)

வெசாக் பண்டிகை வரை யார் காத்திருப்பது? அடுத்து வந்த பௌர்ணமி போயா லீவில் ஜாக்கியைக் கொடுத்து வண்டியைத் தூக்கினேன். லொறிப் பட்டைகளைக் கழற்றினேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நன்றாகத்தானே போகிறது என்று பழைய அடுக்கிலும் பக்கத்துக்கு ஒன்றை உருவிவிட்டேன். மிச்சமிருந்தவை ஆண்டுக்கணக்காக மூட்டை சுமந்து தட்டையாகிப்போன பட்டைகள். அவற்றை டியூபாலும் கம்பியாலும் முன்பைவிட இறுக்கிக் கட்டிவிட்டு, தனியாக ஒரு ஓட்டம் போய்ப் பார்த்தேன். பஞ்சு! பாறை மேல் ஏறியதே தெரியவில்லை. நேரே மாமா வீட்டுக்குப் போய், வாசலில் நின்ற தேவிகாவிடம், “ஒங்கப்பாகிட்ட சொல்லு, இனி தூங்கிக்கிட்டே போகலாமுன்னு” என்றேன்.

மறுநாள் காலையிலேயே அத்தையிடமிருந்து ஆள் வந்தது. மாமாவுக்குச் சிறுநீர்க்கல் இருப்பது முன்பே படம் பிடித்துப் பார்த்துத் தெரிந்த விஷயம். அது இப்போது நகரத் தொடங்கியிருந்தது. மாமா ஒபிஸ் தரையில் சுருண்டு கிடந்தார். தோட்டத்து லொறி றப்பர் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தது. உடனே அவிசாவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் தோட்டத்து வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர்.

என் வண்டியைப் பார்த்ததும் அந்த வலியிலும் மாமா தலையை ஆட்டினார். “வேணாம். பஸ்ஸுலயே போறேன்.”

“இல்ல மாமா, செஞ்சிட்டேன். இப்ப மெத்த மாதிரி இருக்கு.”

அத்தையும் மாமாவும் என் பக்கத்தில் ஏறினார்கள். தேவிகா பின்னால் ஏறினாள். அவளோடு துணைக்கு என்று ஏறியவர்கள்தான் என் கணக்கில் இல்லாதவர்கள். பெரிய கிளாக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றால் லயத்து வரிசை வீடுகளில் யாராவது இருப்பார்களா? பின்தட்டு நிறைந்தது. டவுனில் சாமான் வாங்க வேண்டிய இருவரும், பல் பிடுங்க வேண்டிய ஒருவரும்கூட அந்தத் துக்கத்தில் பங்கெடுத்திருந்தார்கள்.

வண்டி கிளம்பியதுமே ஸ்டியரிங் கைக்கு லேசாகிவிட்டது. பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் எழும்பியிருந்தது. முதல் பள்ளத்தில் இறங்கியபோது ‘டங்’ என்று ஒரு சத்தம். அச்சு மேலே ஏறிச் செசிச் சட்டத்தில் இடித்த சத்தம் அது. மாமா “முருகா!” என்று கத்தினார். அடுத்த பாறையில் இன்னொரு ‘டங்’. மாமா முருகனை விட்டுவிட்டு என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

“மெதுவா ஓட்டேன்பா!” என்று அத்தை அழுதார்.

மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியே விழுந்தது. வேகமாக ஓட்டினால் எல்லாம் சேர்ந்து விழுந்தது. ஒரு பக்கம் சரிவு, கீழே ஓடை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. மாமாவின் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. பக்கத்திலிருந்து என் தொடையை இறுகப் பிடித்திருந்தார். கடைசி இறக்கத்தில் பின்னாலிருந்து ‘படார்’ என்று ஒரு சத்தம். எதுவோ முறிந்தது. நிறுத்திப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மெயின் ரோட்டில் ஏறிவிட்டால் போதும் என்று மிதித்தேன்.

மெயின் ரோட்டில், அவிசாவளைக்கு முன்னால் இராணுவச் சோதனைச்சாவடி இருந்தது.

வழக்கமாக நடப்பது இதுதான். எல்லாரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி நடந்து கடப்பார்கள். வெறும் வண்டியைப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். அன்றும் எல்லாரும் இறங்கினார்கள். மாமாவும் அத்தையும் மட்டும் முன்னால் இருந்தார்கள். இளம் சிப்பாய் ஒருவன் வண்டியைச் சுற்றி வந்தான். பின்னால் நின்றான். குனிந்தான். நிமிர்ந்து கோப்ரலைக் கூப்பிட்டான்.

நானும் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேர் இறங்கியும் வண்டி எழும்பவில்லை. பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் வானத்தைப் பார்த்தபடி, ஏவுவதற்குத் தயாராக நிறுத்திய ரொக்கட் மாதிரி இருந்தது. தட்டில் ஒரு மூட்டைகூட இல்லை.

“வெறும் வண்டி ஏன் இவ்வளவு இறங்கியிருக்கு? உள்ளே என்ன ஒளிச்சு வச்சிருக்க?” என்று கோப்ரல் கேட்டார்.

எனக்குச் சிங்களம் தாய்மொழி மாதிரி. சந்தையில் சண்டையே பிடிப்பேன். ஆனால் ஒரு துப்பாக்கிக் குழல் என் பக்கம் திரும்பியதும், ஆஸ்பத்திரிக்குப் போகும் காரணத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயில் பாதிதான் வந்தது.

“கல் தியெனவா, சேர்.” கல் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் கல் என்றால் அது ஒரே கல்தான். இரத்தினபுரிப் பக்கம் தோண்டி எடுக்கும் மாணிக்கக்கல். கோப்ரலின் புருவம் உயர்ந்தது.

“கல்லா? எங்கே?”

“மாமாவுக்குள்ள, சேர்.”

கோப்ரல் முன்பக்கம் எட்டிப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகும் மாமாவைப் பார்த்தார். “முழுங்கிட்டாரா?” என்று மெதுவாகக் கேட்டார்.

தேவிகா சும்மா இருந்திருந்தால் அன்று மாமாவின் வயிற்றைக் கிழித்தே பார்த்திருப்பார்கள். அவள் முன்னால் வந்து, நிதானமான சிங்களத்தில், “அது சிறுநீர்க்கல், சேர். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்” என்றாள். கோப்ரல் சிரிக்கக்கூட வாய் திறந்தார். அதற்குள் அந்த இளம் சிப்பாய் நீளக் கம்பில் பொருத்திய கண்ணாடியை வண்டிக்கு அடியில் விட்டுப் பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டான். எல்லாரும் பின்னால் ஓடினார்கள்.

கண்ணாடியில் என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியும். அச்சுக்குப் பக்கத்தில், இரண்டு பக்கமும், கறுப்பு றப்பரில் சுற்றிக் கம்பியால் இறுகக் கட்டிய பொட்டலங்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் பஸ்களை நிறுத்தினார்கள். மாமாவை இறக்கினார்கள். அவர் கூனிக்கொண்டே சாவடியின் மணல் மூட்டைகள் வரை நடந்தார். நான் மட்டும் கைகளைத் தூக்கியபடி ரோட்டின் நடுவில் நின்றேன்.

“அது என்ன கட்டியிருக்க?”

“டியூப், சேர். மோட்டார்சைக்கிள் டியூப்.”

“ஏன்?”

“ஸ்பிரிங் சத்தம் போடாம இருக்க, சேர். மாமாவுக்கு வலிக்காம இருக்க.” கொஞ்சம் தூரத்தில் தேவிகா நின்றாள். வாய் கேட்காமல் ஓடியது. “மாமா மனசு மாறி மகளைத் தருவார்னு, சேர்.”

பெண்ணை எனக்குத் தரவேண்டும் என்று நான் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன இடம் துப்பாக்கிகளுக்கு நடுவில். மொழி சிங்களம். கேட்டது அரைவாசித் தோட்டம்.

கோப்ரல் முகத்தில் அசைவில்லை. “அப்படீன்னா நீயே போய் வெட்டு” என்று குறடு ஒன்றை என் காலடியில் போட்டுவிட்டு, எல்லாரோடும் பின்னுக்குப் போய்விட்டார்.

வண்டிக்கடியில் படுத்தேன். ஜாக்கி போட்டு ஆயிரம் தடவை படுத்த இடம்தான். அன்றைக்கு, நான் கட்டியது டியூப்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கம்பியை வெட்டியபோது கண்ணை மூடிக்கொண்டேன். கறுப்பு றப்பர் அவிழ்ந்து, கிரீஸ் என் முகத்தில் வழிந்தது. உள்ளே பிரதான பட்டை நடுவில் முறிந்து இரண்டாகக் கிடந்தது. மறுபக்கமும் வெட்டினேன். அங்கே முறியவில்லை. மீன் முள் மாதிரி எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது.

முறிந்த துண்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்து தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். “பட்டை, சேர்! பட்டைதான்!”

அந்த நேரம் பார்த்து, மணல் மூட்டைகளுக்கு அப்பாலிருந்த பற்றைப் புதருக்குள்ளிருந்து ஒரு அலறல். அத்தனை துப்பாக்கிகளும் அந்தப் பக்கம் திரும்பின.

அடக்க முடியாமல் போக, ஒரு சிப்பாயின் காவலில் மாமா ஒதுங்கியிருந்தார். பற்றையை விலக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார். நிமிர்ந்து வந்தார். சட்டை வெளியே தொங்கியது. வலது உள்ளங்கையை விரித்து நீட்டியிருந்தார். முகத்தில், நான் அதுவரை பார்த்தேயிராத ஒரு சிரிப்பு.

“வந்திருச்சு!” என்று கத்தினார். “கல்லு வந்திருச்சுடா!”

கோப்ரல் போய்ப் பார்த்தார். ஒரு மிளகை விடச் சின்னது, மங்கிய மஞ்சள் நிறம். இரத்தினபுரிக்காரர் போலிருக்கிறது. மாமாவின் மணிக்கட்டைப் பிடித்து, கையை வெயிலுக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நன்றாக உற்றுப் பார்த்தார். பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்பது ஞாபகம் வந்து, மாமாவின் கையை விட்டார்.

முதலில் சிரித்தது அந்த இளம் சிப்பாய்தான். அப்புறம் கோப்ரல். அப்புறம் நிறுத்தி வைத்திருந்த பஸ்காரர்கள். அத்தை மட்டும் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தார்.

“எங்கப்பாவுக்கும் இந்த வருத்தம் இருக்கு. என்ன மருந்து சாப்பிட்டீங்க?” என்று கோப்ரல் மாமாவைக் கேட்டார்.

மாமா, வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் வண்டியைக் காட்டினார்.

சிப்பாய்கள் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, வந்த த்ரீவீலரை மறித்து மாமாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே டொக்டர் எல்லாம் கழன்றுவிட்டது என்று உறுதிசெய்தார். வண்டி குலுங்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கல் தானாக இறங்கும் நேரம் வந்திருக்கிறது என்றும் சொன்னாராம். மாமா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த டொக்டருக்கு வயது போதாது என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் நான் தலைகுனிந்து வாசலில் நின்றபோது உள்ளே கூப்பிட்டு, தேவிகாவைத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

“குடிங்க மாப்ள” என்றார்.

அவர் என்னை மாப்ள என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

சுனில் பாஸ் புதுப் பட்டைகள் போட்டு, உயரத்துக்கேற்ற நீளமான ஷொக் அப்சோபரும் மாட்டித் தந்தார். வண்டி உண்மையாகவே மெத்தையாகிவிட்டது. மாமாவுக்கு அதில் பெரிய வருத்தம். “நல்லா இருந்த வண்டிய கெடுத்துட்டானுங்க” என்பார்.

இன்றைக்கும் சொந்தத்தில் யாருக்காவது ஸ்கேனில் கல் தெரிந்தால், டொக்டரிடம் போகுமுன் எனக்குத்தான் போன் வரும். “மாப்ள, வண்டி ஓடுற கண்டிசன்ல இருக்கா?” அந்தக் கேலி எங்கள் வீட்டில் ஒரு தலைமுறை தாண்டிவிட்டது. போன மாதம் கூட கித்துல்கலவில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், கவனிக்காமல் ஒரு பள்ளத்தில் காரை இறக்கிவிட்டேன். தேவிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டிலிருந்து மகளின் குரல்தான் வந்தது.

“அப்பா, மெதுவா. எங்க யாருக்கும் கல்லு இல்ல.”