வாடகைக்கு விட வீடு வாங்கும் சித்தப்பாவுக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டின் குழாய் மட்டும் சௌக்கியமாக இல்லை.

நீங்களும் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கப் போவதாகவும் யோசனை கேட்டதாகவும் அப்பா சொன்னார். "நீயே எழுதிடு. எல்லாத்தையும் கூட இருந்து பார்த்தவதானே" என்று பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார்.

முதல் யோசனை, பெயின்ட் அடிக்கும்போது உங்கள் வீட்டுத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அப்பா என்னைப் பதினைந்து நாள் கூட்டிக்கொண்டு போனார். அவர் கீழே பெயின்டரோடு நிறத்துக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் மாடி அறையில் வீட்டுப் பாடம் எழுதுவேன். அங்கே சன்னல் விளிம்பு அகலமானது, காலை நீட்டி உட்கார்ந்து படிக்கலாம். மூன்றரை மணிக்கு வெயில் நான் படிக்கும் பக்கத்தின் மேலேயே வந்து விழும். அலமாரி எங்கே, மேசை எங்கே என்று அளந்து சுவரில் பென்சிலால் குறித்தும் வைத்தேன். பதினாறாம் நாள் குடித்தனம் வந்துவிட்டது. வாடகை வந்தால்தான் வங்கிக் கடன் அடையும் என்று அம்மா மூன்று முறை விளக்கினாள். நாங்கள் குடியிருக்கும் வீட்டில் என் படிப்பு மேசையேதான் சாப்பாட்டு மேசையும் இஸ்திரி மேசையும். எனவே இஸ்திரிப் பெட்டியை நகர்த்திவிட்டுப் புரிந்துகொண்டேன்.

இரண்டாவது, பிளம்பரைக் கூப்பிடுங்கள். குழாய் ஒழுகுகிறது என்று குடித்தனக்காரர் போன் செய்ததும், "இதுக்கெல்லாம் ஆளா?" என்று அப்பாவே ஸ்பேனரோடு கிளம்பினார். மொட்டைமாடி வால்வை மூடாமல் குழாயைக் கழற்றினார். குடித்தனக்காரர் நனைந்தபடியே, "சார், ஒழுகுதுன்னுதான் சொன்னேன். அருவி கேக்கலையே" என்றார். அவர் மனைவி அப்பாவுக்குக் குடை கொண்டுவந்து கொடுத்தார்.

நான் துடைக்கத் துணி தேடி மாடிக்குப் போனேன். அவர்களுடைய சின்னப் பெண் சன்னலில் கால் நீட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, எங்களுக்கு முன்னாடி இங்க யாரு இருந்தாங்க? சுவத்துல கோடு போட்டிருக்கு."

"நான்தான் இருந்தேன்" என்றேன்.

திரும்பினால் பின்னால் அப்பா, கையில் குடையோடு. பஸ்ஸில் சன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். சட்டை நனைந்ததால் இருக்கும் என்று நினைத்தேன்.

ஆகவே என் முடிவான யோசனை, வாங்காதீர்கள். அப்படி வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் யாருக்கும் பிடிக்காத வீடாகப் பார்த்து வாங்குங்கள். சன்னல் சின்னதாக இருக்கட்டும்.

சித்திக்கு என் வணக்கம். தங்கச்சிக்கு ஒரு முத்தம். உங்கள் ஆசியை எதிர்பார்த்து,

அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது போன் வந்தது. குடித்தனக்காரருக்கு வேலையில் இடமாற்றமாம், மாதக் கடைசியில் காலி செய்கிறார்கள். "வீட்டைப் பூட்டி வெச்சா கெட்டுப்போகும். வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நாமளே போய் இருப்போம்" என்கிறார் அப்பா, அம்மாவைப் பார்க்காமல். எனவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, பெரிய சன்னலாகப் பார்த்து வாங்குங்கள். ஆள் தேடும் பொறுப்பை அப்பா என்னிடம் கொடுத்திருக்கிறார். நல்ல குடித்தனமாகப் பார்க்க வேண்டும் அல்லவா, நான் அவசரப்படப் போவதில்லை.