நாலு சில்லுக்கு மாப்பிள்ளை பார்த்தவர்

விசாரிக்காமல் ஒரு வாழைப்பழம்கூட உரித்துத் தின்னாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் கல்முனைக்குடியில்தான் இருந்தார். பழம் எந்த ஊர்த் தோட்டம், குலை எப்போது வெட்டியது, வெட்டியவர் எப்படிப்பட்ட ஆள் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கடைக்காரர் களைத்துப்போய், "சும்மா கொண்டு போங்க காக்கா" என்று பழத்தை நீட்டிவிடுவார். அப்போதும் வாங்கமாட்டார். சும்மா தருவதற்கு என்ன காரணம் என்று விசாரணை மறுபடியும் தொடங்கும்.

அதனால் ஊர் அவருக்கு விசாரணைக் காக்கா என்று பெயர் வைத்தது. காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன். தொழில், கல்யாணத் தரகு. எங்கள் வழக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை தேடிப் போவார்கள். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிவந்துவிடுவார். ஆகவே வெளியிலிருந்து உள்ளே வருகிற சாமானைத்தான் விசாரிக்க வேண்டும் என்பது காக்காவின் கொள்கை. பையனின் வீட்டாரிடம் ஒன்றும் கேட்கமாட்டார். அயல்வீட்டில் கேட்பார், முடி வெட்டும் கடையில் கேட்பார், கடைசியில் ஏதாவது சாட்டுச் சொல்லிப் பையனையே அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போவார். சனம் நெருக்கியடிக்கும் பஸ்ஸில் ஒரு மனிதனின் குணம் முழுவதும் வெளியே வந்துவிடும் என்பார்.

யுத்த காலத்தில் அந்தப் பட்டப்பெயரோடு நடமாடுவது லேசான காரியமல்ல. ஒருமுறை இராணுவச் சோதனைச்சாவடியில் பெயர் கேட்டபோது, பக்கத்தில் நின்ற யாரோ உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு பட்டப்பெயரைச் சொல்லிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் அதை அட்சரம் பிசகாமல் சிங்களத்தில் மொழிபெயர்த்தார். காக்காவை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியில் நாங்கள் கலங்கிப்போய் நின்றோம். பின்னேரம் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன காக்கா கேட்டாங்க?"

"அவங்க என்னத்தக் கேட்ட? நான்தான் கேட்டன். அந்த ஆமிப் பெரியவருக்கு இன்னும் கலியாணம் ஆகல்ல. நல்ல குடும்பம். ஊர்தான் தூரம்."

பிறகு கடல் வந்தது.

காக்கா சேர்த்து வைத்த குடும்பங்களில் பெரும்பாலானவை கடலோரத்தில்தான் இருந்தன. பெண்ணுக்குக் கொடுக்கும் வீடு கடல் பக்கமாக இருந்தால் அவருக்குத் தனிச் சந்தோஷம். "நல்ல காத்து. புள்ளையளுக்குச் சளி புடிக்காது" என்று நற்சான்று கொடுப்பார். அந்த வீடுகள் இருந்த இடத்தில் இப்போது மணல் கிடந்தது. ஜனாஸாக்களை அடக்கி முடித்த பிறகு, காக்கா குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதோடு தரகை விட்டுவிட்டார். யார் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"வீட்டயும் நான்தான் பார்த்துக் குடுத்தன், மாப்பிளையையும் நான்தான் பார்த்துக் குடுத்தன். இனி என்ட வாயால ஒண்டும் சொல்ல மாட்டன்."

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

எனக்கு இதில் சொந்தக் கரைச்சலும் ஒன்று இருந்தது. மரம் அரிந்து விற்கும் மரக்காலை வைத்திருந்த ஹாஜியாரின் மகள் றிஸ்வானாவைக் கட்ட நான் விரும்பினேன். றிஸ்வானாவும் விரும்பினாள். ஹாஜியார் மறுக்கவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். "காக்கா விசாரிச்சி நல்லம் எண்டு சொல்லட்டும். அடுத்த நாளே நிக்காஹ வைப்பம்." மூத்த மகளையும் அப்படித்தான் கொடுத்திருந்தார், அவள் சந்தோஷமாக இருந்தாள். ஆகவே அவரை அசைக்க முடியவில்லை. ஊரில் இத்தனை வாய்கள் இருக்க, மூடிக்கொண்ட ஒரே வாயில் போய் என் கல்யாணம் மாட்டிக்கொண்டது. றிஸ்வானா காத்திருந்தாள். வருடங்கள் போயின.

அந்த வருடங்களில் முதல் கொஞ்சக் காலம் நான் ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தில் சாரதியாக இருந்தேன். பாதை அழிந்த கடற்கரைக்குத் தண்ணீர் கொண்டுபோக அவர்கள் நாலு சில்லு மோட்டார் சைக்கிள் ஒன்றை இறக்கியிருந்தார்கள். மோட்டார் சைக்கிளின் கைபிடி, மோட்டார் சைக்கிளின் இருக்கை, கீழே மட்டும் இரண்டு சக்கரத்துக்குப் பதிலாகக் கொழுத்த நாலு சில்லுகள். நிறுவனம் தன் நாட்டுக்குத் திரும்பியபோது வண்டியை எங்கள் விளையாட்டுக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கழகத்தின் தலைவர் விசாரணைக் காக்கா. அவருக்கு எந்த விளையாட்டும் தெரியாது; ஆனால் ஊரில் எந்தக் கட்சியிலும் இல்லாத ஆள் அவர் ஒருவர்தான்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தபோது, கோமாரிக்கு அங்கால் ஒரு பந்தயம் வைக்கப்போவதாக அறிவித்தார்கள். கடற்கரை, பற்றைக்காடு, வயல் வரம்பு, தென்னந்தோப்பு என்று கண்ட இடமெல்லாம் ஓட வேண்டும். நாலு சில்லுகளுக்குத் தனிப் பிரிவு. அறுகம்பேப் பக்கத்து விடுதிக்காரர்கள் அப்படி வண்டிகள் வைத்திருந்தார்கள். நாங்களும் போவதென்று கழகம் தீர்மானித்தது. ஓட்டுகிறவன் நான். தடை ஒன்றுதான் இருந்தது. வண்டியின் கைகள் உப்புத்தண்ணீரில் உக்கிப் போயிருந்தன.

கை என்பது முன்சில்லை வண்டியின் உடம்போடு பிணைக்கிற முக்கோண இரும்பு. பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. சில்லு கல்லில் ஏறினால் கையும் சேர்ந்து ஏறும், பள்ளத்தில் விழுந்தால் சேர்ந்து இறங்கும். உடம்பு பெரிதாக ஆடாது. கழகத் தலைவர் என்ற முறையில் காக்கா வண்டியின் கீழே படுத்துப் பார்த்தார். எழும்பி வந்தபோது பல வருடமாகக் காணாமல்போன ஒரு களை அவருடைய முகத்தில் இருந்தது.

"இது பொம்புளை வீடு" என்று வண்டியின் உடம்பைத் தட்டினார். "வெளிய இரிந்து வந்து பூட்டுறது கை. அப்ப கைதான் மாப்பிள. விசாரிக்கணும்."

"கம்பனிக் கையே எடுப்பிச்சிப் பூட்டுவமே காக்கா."

"அது இந்த வீட்டுக்குள்ளயே பொறந்து வளந்த புள்ள. சும்மா ஓடத்தான் சரி, பந்தயத்துக்குக் காணாது. வெளியில பாப்பம்."

இதுதான் சமயம் என்று நான் மெதுவாகக் கேட்டேன். "இரும்புக்கு மாப்பிள பாக்கலாம் எண்டா எனக்குப் பேசக் கூடாதா காக்கா?"

காக்கா குடைக்கம்பியை நோண்டினார். "நான் பார்த்துப் பூட்டின கை பந்தயத்த முடிச்சி வரட்டும். வந்தா ஹாஜியார் வீட்ட போறன். வரல்ல எண்டா, என்ட கண்ணில இன்னும் கோளாறு எண்டு அர்த்தம். மறுகா என்னக் கேக்காத."

இப்படியாக என் கல்யாணம் ஒரு முக்கோண இரும்பில் போய்த் தொங்கியது.

முதல் வரன் கட்டாரிலிருந்து வந்தது. பாலைவனத்து மணல்மேட்டில் ஓடுவதற்கென்று செய்த நீளக் கைகள், தங்கநிறம். பூட்டினால் வண்டி அகலித்து நிற்கும், திருப்பத்தில் கவிழாது. கழகத்தில் எல்லோரும் அதற்கே வாக்களித்தார்கள். காக்கா அந்த அகலத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு கோமாரித் தென்னந்தோப்புக்குள் நடந்தார். தோப்புக்காரர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சத் தூரத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே மூங்கில் இறுகிக்கொண்டது.

"ஆள் அழகுதான். ஆனா வாசலால உள்ளுக்கு வர ஏலா."

இரண்டாவது, கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி கொண்டுவந்த அலுமினியக் கை. பாரமே இல்லை. பார்க்க மொத்தமாக, விறைப்பாக இருந்தது. "என்ன அடி அடிச்சாலும் வளையாது" என்றார் வியாபாரி.

"அப்ப அந்த அடி எங்க போகும்?" என்று கேட்டார் காக்கா.

"எங்கயும் போகாது."

"அடி எண்டா எங்கயாவது போகத்தானே வேணும் தம்பி. நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

வியாபாரி தேநீர் குடித்தபடி நன்றாக யோசித்தார். உடம்புக்குப் போகும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். காக்கா கையைத் துணியில் பக்குவமாகச் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். "கை போனா வேற கை பூட்டலாம். உடம்பு வெடிச்சா வண்டியே இல்ல. நசீபு இருந்தா வேற இடத்தில அமையும்."

மூன்றாவது, அறுகம்பே விடுதி ஒன்றில் கழற்றிப் போட்டிருந்த உருக்குக் கை. அளவான நீளம், கறுப்புப் பூச்சு, திரும்பிப் பார்க்க வைக்கும் அழகு ஒன்றுமில்லை. ஏற்கனவே ஓரிடத்தில் இருந்துவிட்டு வந்தது என்பதால் விசாரணை கடுமையாக இருந்தது. முந்தின வீட்டில் ஏன் கழற்றினீர்கள் என்று விடுதிக்காரரைக் கேட்டார். வெள்ளைக்காரருக்குப் பார்வையாக இருக்கட்டும் என்று மினுங்குகிற கை மாற்றினோம் என்றார் அவர். காக்கா நம்பவில்லை. சமையல்காரரைக் கேட்டார். தோட்டக்காரரைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டார்.

"அது ஒருநாளும் ஒரு கரைச்சல் தந்ததில்லையே" என்றார் தோட்டக்காரர், எதைப் பற்றிக் கேட்கிறார் என்று சரியாக விளங்காமலே.

கைகளை வேனில் ஏற்றலாம் என்றேன். காக்கா சம்மதிக்கவில்லை. அக்கரைப்பற்று வழியாகச் சனம் நிரம்பிய பஸ்ஸில், மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இறங்கியதும், "குணம் எப்பிடி காக்கா?" என்று கேட்டேன்.

"ஒருத்தரையும் குத்தல்ல" என்றார்.

அன்று இஸ்திகாரா தொழுதார். எதைத் தெரிவு செய்வதென்று தெரியாதபோது நல்ல வழியைக் காட்டும்படி அல்லாஹ்விடம் கேட்கிற தொழுகை அது. கல்யாணம் பேசும்போது தொழுவது வழக்கம். காலையில் கழகத்துக்கு வந்து, "மனசு அமைதியா இரிக்கி. பூட்டுங்க" என்றார். பூட்டினோம்.

பந்தயம் நன்றாகத்தான் தொடங்கியது. கடற்கரை மணலில் விடுதிக்காரர்கள் முன்னே பறந்தார்கள். வரம்புகளில் நான் இரண்டு பேரைப் பிடித்தேன். சில்லு ஏறி இறங்கியதே தெரியவில்லை. தென்னந்தோப்புக்குள் நுழைந்தபோது, அகலமான தங்கக் கை பூட்டிய ஒருவர் மரங்களுக்கு நடுவில் இறுகி நின்று மரத்தை ஏசிக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. கண்ணுக்குள் றிஸ்வானா கல்யாணச் சாரியில் வந்து நின்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் புல்லுக்குள் கிடந்த தென்னங்குற்றியில் இடது சில்லு மோதியது.

நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். எழும்பிப் பார்த்தால் இடது கீழ்க்கை நன்றாக வளைந்து, சில்லு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் கல்யாணம் அந்தக் குற்றியடியிலேயே முடிந்துபோனதாக நினைத்தேன். அழுகை வந்தது. மறைப்பதற்காகத் தலையைத் திருப்பினால், எதிரே ஒரு குடை. குடையின் கீழ் விசாரணைக் காக்கா. அவருக்குப் பக்கத்தில் மரக்காலை ஹாஜியார்.

"குற்றி இஞ்ச இரிக்கி எண்டு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஓம். நேத்தே வந்து பார்த்தன்."

"சொல்லியிருக்கலாமே காக்கா!"

"சொன்னா நீ சுத்திப் போயிருப்பாய். மறுகா கையப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

ஹாஜியார், தன் மரக்காலைக்கு வந்த மரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல என்னைச் சுற்றிப் பார்த்தார். காக்கா குந்தியிருந்து, கை உடம்போடு சேரும் இடத்தை விரலால் தடவினார். ஒருமுறை தடவி, நம்பாமல் மறுபடியும் தடவினார்.

"உடம்பில ஒரு கீறல் இல்ல" என்றார் மெதுவாக. "எல்லா அடியையும் கையே வாங்கிட்டு." பிறகு என்னிடம், "எழும்பு. முடிச்சிட்டு வா."

"சில்லு கோணிப் போச்சி காக்கா. ஓட ஏலா."

"கோணினாலும் சுத்துதா?"

"சுத்துது."

"அப்ப என்ன? போ."

போனேன். கைபிடியை எவ்வளவு வலமாக இழுத்துப் பிடித்தாலும் வண்டி இடது பக்கம் கடலுக்கே போகப் பார்த்தது. என் தோள்மூட்டு கழன்றுவிடும்போல இருந்தது. முடிவுக்கோட்டை அடைந்தபோது பந்தலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பரிசு மேசை லொறியில் ஏறிவிட்டது. கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, "பந்தயம் பாக்க வந்தீங்களா? முடிஞ்சிட்டே" என்று கவலைப்பட்டார்.

அன்று மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஹாஜியாரின் வீட்டில் காக்கா வாயைத் திறந்தார். "கை வளைஞ்சிது, வண்டி முறியல்ல. இவன் விழுந்தான், எழும்பி முடிச்சிட்டு வந்தான். எனக்குக் காணும் ஹாஜியார். நல்ல மாப்பிள." சொல்லி முடித்ததும் குலுங்கி அழுதார். நாங்கள் எல்லோரும் வட்டிலப்பத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதவுக்குப் பின்னால் றிஸ்வானாவும் அழுதது கேட்டது.

அதன் பிறகு காக்கா மீண்டும் ஊர் ஊராகப் போய் விசாரித்தார், நிறையக் கல்யாணம் செய்துவைத்தார். விசாரணையில் ஒரேயொரு கேள்வி புதிதாகச் சேர்ந்தது. பெண்ணுக்குக் கொடுக்கும் வீட்டிலிருந்து பெருந்தெருவுக்கு ஓட நேர்ப்பாதை இருக்கிறதா என்று கேட்பார். கேட்பதோடு விடாமல், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஓடிப் பார்ப்பார்.

வளைந்த கையை எங்கள் வீட்டு முன்சுவரில் மாட்டிவைத்திருக்கிறோம். அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் காக்கா வந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டு, றிஸ்வானாவிடம் விசாரிப்பார். "எப்பிடி மகள் மாப்பிள?"

"கொஞ்சம் இறுக்கம்தான் காக்கா."

"எண்ணெய் போடு. சரிவரும்."

அவர் மவுத்தான அன்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் மரண அறிவித்தலில் சொன்ன பெயர் எங்களுக்குத் தெரியவில்லை. யாரோ என்று இன்னாலில்லாஹி சொல்லிவிட்டுச் சும்மா இருந்தோம். பிறகு பட்டப்பெயரையும் சேர்த்து மறுபடி அறிவித்தார்கள். தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது.

இப்போது வந்து கேட்க ஆளில்லை. ஆனாலும் வீடு கூட்டும்போது றிஸ்வானா அந்தக் கையில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு, "நல்லா இரிக்கார் காக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறாள்.