மண்ணரிப்பும் ஏழாம் அம்சமும்

பேசிப் பேசியே ஒரு பள்ளத்தை மூடிவிட முடியும் என்றால், உலகில் முதன்முதலாக அந்தப் பெருமை உமுவேசே ஊருக்குத்தான் கிடைத்திருக்கும். அவ்வூர் முன்னேற்றச் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் பொது உரைக்கு நைஜீரியாவில் ஈடு இணை கிடையாது. இவ்வாண்டின் பொருள்: 'மண்ணரிப்பு: மழைக்கு முன் நாம் செய்ய வேண்டியது என்ன?'

இதற்கு விடை தெரிந்தே ஆகவேண்டியவள் நுவாகேகோ. ஊரின் தெற்கே வாய் பிளந்து கிடந்த பள்ளம் வருடா வருடம் நகர்ந்து, இப்போது அவள் அடுப்படியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கை வீட்டில் ஓர் அறை காலி. ஆனால் அக்காரா என்னும் பயற்று வடையைச் சுட்டு விற்பவள் தெருமுனையை விட்டுப் போனால் வாடிக்கையும் போய்விடும். போவதா, இருப்பதா? மண்ணியல் படித்து, இவ்வாண்டு உரையாற்ற வந்திருக்கும் டாக்டர் அனாக்வே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்காகவே கல்யாணங்களுக்குக் கட்டும் துணியைக் கட்டிக்கொண்டு சங்க மண்டபத்தின் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"என்னக்கா, நீயும் ஏழாம் அம்சத்துக்கா?" என்றான் பக்கத்தில் இருந்த மெக்கானிக் ஒசொண்டு. நிகழ்ச்சி நிரலில் சாப்பாடு எந்த இடத்தில் இருந்தாலும், அந்நாட்டில் அதற்கு 'ஏழாம் அம்சம்' என்றே பெயர்.

"போடா தீனிப்பண்டாரம். நான் டாக்டர் பேசறதைக் கேக்க வந்தேன்."

"பேச்சைக் கேக்கவா?" ஒசொண்டு கவலையோடு அவளைப் பார்த்தான். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

முதலில், வரவேற்பின் அடையாளமாக உடைத்துப் பகிரும் கோலாக் கொட்டை. உடைபடுவதற்கு முன் அது தட்டில் ஏறி, முறைப்படி ஒவ்வொரு கிளையார் கண்ணிலும் பட்டு வந்தாக வேண்டும். அது மண்டபத்தைச் சுற்றி வருவதற்குள் ஒரு குழந்தை தூங்கி எழுந்து மறுபடியும் தூங்கிவிட்டது. அடுத்து, பிரமுகர்களுக்கு மேடை அழைப்பு. அவர்கள் சும்மா ஏறவில்லை. பட்டத்துக்கு ஏற்ற மேளத்தோடு ஆடிக்கொண்டே ஏறினார்கள். பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொண்டதால் அவர்களும் அழைக்கப்பட்டார்கள். கடைசியில் ஊர் மேடையிலும், நுவாகேகோவும் ஒசொண்டுவும் கீழேயும் இருந்தார்கள். டாக்டர் அனாக்வேக்கு நாற்காலி இல்லை. அவர் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் அமர்ந்து அறிவியலின் எளிமையைப் பறைசாற்றினார்.

'சீஃப்' பட்டம் தாங்கிய சங்கத் தலைவர் இஃபெடியோரா எழுந்தார். "நேரத்தின் அருமை கருதி, மரியாதைகள் எல்லாம் சொல்லப்பட்டதாகவே வெச்சுக்குவோம்" என்று அறிவித்துவிட்டு, மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் பட்டத்தோடு விளித்தார். அடுத்தவர், "தலைவர் சொன்ன மரியாதைகளையே நானும் வழிமொழியறேன்" என்றார். வழிமொழிந்த கையோடு அனைவரையும் திரும்ப விளித்தார், தலைவரையும் சேர்த்து. அதற்கடுத்தவர் அவரையும் சேர்த்து. விளிப்பு இப்படி வட்டிபோல் வளர்ந்துகொண்டிருந்தபோது வெளியே இடி இடித்தது.

டாக்டர் பெட்டியிலிருந்து குதித்தார். "ஐயா, ஒரே ஒரு விஷயம்..."

"பொறுங்க டாக்டர்!" சீஃப் பதறிப்போனார். "உங்களை இன்னும் அறிமுகமே பண்ணலியே! நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

அறிமுகம் டாக்டரின் பாட்டனாரின் திருமணத்தில் தொடங்கியது. டாக்டர் பள்ளிக்கூடம் சேர்வதற்குள் தக்காளியில் வெந்த ஜொல்லோஃப் சோற்றின் வாசனை உள்ளே வந்துவிட்டது. மேடை நெளிந்தது. தொலைநோக்குடைய சீஃப் உடனே முடிவெடுத்தார்.

"நேரமின்மை காரணமா, டாக்டரோட உரை வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுது. நேரா ஏழாம் அம்சம்!"

மண்டபம் அதிரக் கைதட்டல். உரை ஆழமாகவும் எளிமையாகவும் இருந்ததாகப் பலரும் பாராட்டினர்.

நுவாகேகோ எழுந்து நின்றாள். "ஐயா, என் காதுல ஒண்ணும் விழலியே? என் அடுப்படி..."

"கேள்வி நேரமும் நடந்ததா வெச்சாச்சும்மா. போய்ச் சாப்பிடு."

கூட்டத்தை முட்டித் தள்ளி அவள் டாக்டரைப் பிடித்தாள். "தம்பி, நான் வீட்டை விட்டுப் போகவா, இருக்கவா?"

டாக்டர் வாயைத் திறந்தார். சீஃபின் மனைவி அதில் இடித்துப் பிசைந்த கிழங்கு உருண்டை ஒன்றை வைத்து அடைத்தார். "தலைமை விருந்தாளி பேசப்படாது, சாப்பிடணும்!" மேளம் வேறு காதைப் பிளந்தது. பாவம், அந்த மனிதர் இரண்டு கைகளையும் தெற்கிலிருந்து வடக்காக வீசி வீசிக் காட்டினார். ஓடுவதுபோல் காலையும் உதைத்தார்.

"அடேங்கப்பா, டாக்டர் ஆடறாருடோய்!" என்றான் ஒசொண்டு.

ஊரே சேர்ந்து கைகளை வடக்காக வீசி ஆடியது. ஆடுபவரைப் பாராட்டும் வழக்கப்படி டாக்டரின் வியர்த்த நெற்றியில் நைரா நோட்டுகளை ஒட்டினார்கள். நுவாகேகோவுக்கும் கால் நிற்கவில்லை. மழை கொட்டியது. அவள் இங்கே ஆடிக்கொண்டிருந்ததால்தான் தப்பித்தாள். அங்கே அடுப்படி தன் பெரிய வாணலியோடு பள்ளத்தில் இறங்கியது.

மறுநாள் டாக்டர் முழங்கால் சேற்றில் நின்று வாணலியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். சீஃப் குடை பிடித்து வந்து சங்கத்தின் அறிக்கையை வாசித்தார்: "தக்க நிபுணரைக் கொண்டு சங்கம் தக்க காலத்தில் எச்சரித்தது. மக்கள்தான் காது கொடுக்கவில்லை." பிறகு அன்போடு கடிந்துகொண்டார். "நீ முன்வரிசையிலேயே இருந்தியேம்மா! கேட்டிருக்கலாமில்ல?"

"உங்களைத்தான் ஐயா நாளெல்லாம் கேட்டேன்" என்றாள் நுவாகேகோ, வாணலியிலிருந்து சேற்றை வழித்தபடி. "ஆனா யாருக்கும் வணக்கம் வைக்காம நேரா விஷயத்துக்கு வந்தது இந்தப் பள்ளம் ஒண்ணுதான்."