குளியலறையிலிருந்து ஓர் அவசரத் தூது

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தாங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையுடன், நலமாக இருக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டு வரும் தங்கள் மருமகன் எழுதுவது. கவிழ்த்த வாளியின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் வாளிதான் காரணம்.

எல்லாம் பள்ளியில் தொடங்கிய சர்வதேச அரசியல் பாடத்தால் வந்தது. "தெருவுல சண்டைன்னா போலீஸ் வரும். நாடுகளுக்கு மேல அப்படி யாரும் இல்ல. அதான் ஒவ்வொண்ணும் கூட்டாளி தேடுது" என்றார் வாத்தியார். அம்மா அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் போனதிலிருந்து எங்கள் வீடும் அப்படித்தான் மாமா, மேலே ஆளில்லை. இருப்பதோ ஒரே சாப்பாட்டு மேசை, அதில் அப்பா ரிப்பேருக்குக் கழற்றிப்போட்ட மிக்ஸிகளும் அக்காவின் வங்கித் தேர்வுப் புத்தகங்களும் முட்டிக்கொள்ள, அவள் நடுவில் சாக்பீஸால் எல்லைக்கோடு போட்டாள், நான் கோட்டின் மேல் தட்டை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்து முறைப்பையும் விழுங்கும் நடுநிலை நாடானேன். நடுநிலையில் வருமானம் இல்லை. எனவே அக்கா கோட்டைத் தாண்டினால் வைஃபையை அணைப்பேன் என்று அப்பாவிடமும், அப்பா தாண்டினால் அவருடைய சால்டரிங் கம்பியை ஒளித்துவைப்பேன் என்று அக்காவிடமும் ரகசிய ஒப்பந்தம் போட்டேன். பதிலுக்கு அவர் பைக் சாவி தருவார், அவள் என் வீட்டுப்பாடம் எழுதுவாள். இருவரும் பேசிக்கொள்ளாதவரை நான்தான் வல்லரசு.

இன்று மாலை அப்பாவின் மிக்ஸி ஜார் கோட்டைத் தாண்டி அக்காவின் ஹால் டிக்கெட்டில் எண்ணெய் கக்கியது. அவளும் தாண்டிப்போய் அவருடைய மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கினாள். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"டேய், நாம பேசிக்கிட்டது ஞாபகம் இருக்கில்ல?" என்றார் அப்பா.

"இவன்கிட்ட நீங்க என்னப்பா பேசினீங்க?" என்றாள் அக்கா.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து தாழிட்டேன். "இன்னொரு சேட்டை பண்ணின, நேரா ஹாஸ்டல்தான்" என்று அப்பா போன மாதமே சொல்லிவிட்டார், அவர் சொன்னால் செய்கிறவர். தாழ்ப்பாளில் ஒரு திருகாணி வேறு ஆடுகிறது. அதை முடுக்கத் தெரிந்த ஒரே ஆள் கதவுக்கு வெளியே நிற்கிறார்.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து இருவரையும் சமாதானம் செய்துவைக்க வேண்டும். போர் மூண்டால் இருவரும் ஒப்பந்தத்தைக் காட்டுவார்கள், நான் தீர்ந்தேன். ஜன்னலுக்குக் கீழே, நாங்கள் கொசு என்று கூப்பிடும் என் நண்பன் சைக்கிளோடு நிற்கிறான், அவன்தான் இதைக் கொண்டுவருவான்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் வீட்டுச் சோபாவுக்கு என் தனி அன்பு, அடைக்கலம் தேவைப்படலாம்.

கதவு தாங்கும்வரை தங்கள் பாசமுள்ள,
மருமகன்

பி.கு.: மாமா, வெளியே சத்தம் நின்றுவிட்டது. "உங்ககிட்டயும் இதையேதான் சொன்னானாப்பா?" என்கிறாள் அக்கா. "வார்த்தை மாறாம சொன்னாம்மா" என்கிறார் அப்பா. இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். யாரோ கதவருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிறார்கள். மேலே சமாதானம் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். தயவுசெய்து சீக்கிரம் வந்து ஒரு சண்டை மூட்டிவிடுங்கள்.