புல் வண்டியும் தாணுமாலயனும்

என்ஜின் ஊரைக் கூட்டியது. வண்டி மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டி அது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தாணுமாலயன் உடம்பை முன்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வண்டி அதற்கெல்லாம் மசிவதாக இல்லை.

ஐந்தருவி ரோட்டில் இருக்கும் அந்த ரிசார்ட்டுக்கு அவர் மேனேஜராகி மூன்று மாதம் ஆகிறது. தற்காலிகம்தான். முதலாளி மெஹர் பானு நேற்று தென்காசிக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார்:

"நாளைக்கு மூணு மணிக்கு சென்னையில இருந்து கல்யாணப் போட்டோ எடுக்க வாராவ. நம்ம புல்வெளியப் பாத்துட்டுத்தான் புக் பண்ணிருக்காவ. இது நல்லபடியா முடிஞ்சா, அன்னைக்கே உங்க வேலையப் பெர்மனென்ட் பண்ணிருதேன் அண்ணாச்சி."

நல்லபடியாக முடிய என்ன செய்ய வேண்டும்? சாரலில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் அதற்குள் நின்றால் மேய வந்த மாதிரி இருக்கும். வெட்டிவிட வேண்டியதுதான் என்று தாணுமாலயன் முடிவு கட்டிவிட்டார். எதையும் யாரிடமும் கேட்டுச் செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. செங்கோட்டையில் அவர் மனைவி ஜோதிலட்சுமி வேறு, வேலை நிரந்தரமாகிவிட்டது என்று தெரு முழுக்கப் பாயசம் கொடுத்து முடித்திருந்தாள்.

"ஏட்டி தங்கபுஷ்பம், இது ஏன் நகர மாட்டேங்குது?"

தோட்ட வேலை பார்க்கும் தங்கபுஷ்பம் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி? இத ஓட்டுத ஆளு லீவுல போயிருக்காரு. அவருக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"அவன்ட்டப் போயி நான் கேக்கணுமா? மேனேஜரு நானா, அவனா?"

கேட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

பெட்ரோல் பழசாகியிருக்கும் என்று தோன்றியது. இருந்ததை வடித்துக் கொட்டிவிட்டு, தன் ஸ்கூட்டரில் இருந்ததை உறிஞ்சி ஊற்றினார். வாய் நிறையப் பெட்ரோல் போனதுதான் மிச்சம். இப்போது வண்டியோடு ஸ்கூட்டரும் நகராது.

அந்த நேரம் பார்த்து, விருந்தாளிகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற லிங்கேஸ்வரன் வந்து சேர்ந்தான். குனிந்து வண்டியின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தான்.

"இறுகிப் போச்சு அண்ணாச்சி. மனுச உடம்பு மாதிரிதான் இதுவும். எண்ணெ போட்டு நீவி விட்டா நெகிழ்ந்து குடுக்கும்."

"செய்யிலே!"

உள்ளே ஓடும் பெல்ட்டுக்கு அரைப் பாட்டில் எண்ணெய் தேய்த்தான். கை நேர்த்தியான கைதான். சாவியைத் திருப்பியதும் பெல்ட் வழுக்கி, புகை கிளம்பி, வடை பொரிக்கிற வாசனை வந்தது. மூன்றாம் நம்பர் ரூம்காரர் எட்டிப் பார்த்து, "டிபன் ரெடியா?" என்று கேட்டார்.

சோப்புத் தூள் போட்டு எண்ணெயைக் கழுவி எடுக்கப் பன்னிரண்டு மணி ஆயிற்று. தாணுமாலயன் கடிகாரத்தைப் பார்த்தார். பாயசம் சாப்பிட்ட தெருவின் முகத்தில் எப்படி முழிப்பது?

"தள்ளுங்கலே!" என்றார்.

ஆச்சரியம், தள்ளினால் சுகமாக உருண்டது. ஆனால் அவர் இறங்கினால் என்ஜின் அணைந்துவிடும். சீட்டில் ஆள் இருந்தால்தான் பிளேடு சுற்றும். ஆகவே அவர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்க, தங்கபுஷ்பமும் லிங்கேஸ்வரனும் டிபன் கேட்டவரும் தள்ளினார்கள். சரிவு வந்ததும் வண்டி அவர்கள் கையை விட்டு ஓடியது.

"பிரேக்க மிதிங்க அண்ணாச்சி!"

"அது எங்கட்டி இருக்கு?"

குரோட்டன்ஸ் வேலியில் ஆறு செடியைச் சாய்த்து, நெல்லி மரத்தில் முட்டி நின்றது. அதன்பிறகு முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு கட்டி, தேர் இழுப்பதுபோல இழுத்தார்கள். குளித்துவிட்டு ஈரத்தோடு வந்த நாலு விருந்தாளிகளும் வடம் பிடித்தார்கள். இரண்டே முக்கால் மணிக்குப் புல்வெளி, பழனிக்குப் போய்வந்த தலை மாதிரி ஆகியிருந்தது. தாணுமாலயனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஜெயித்துவிட்டார்!

மூன்று மணிக்குக் கார் வந்தது. மெஹர் பானுவோடு இறங்கிய போட்டோகிராபர் சுஜிதா புல்வெளியைப் பார்த்தாள், கையிலிருந்த போனைப் பார்த்தாள், மறுபடியும் புல்வெளியைப் பார்த்தாள்.

"மேடம், நாங்க புக் பண்ண இடம் இது இல்லையே?"

தாணுமாலயன் சேறு வழிய முன்னால் வந்தார். "மேடம், காலையில இருந்து இந்த வண்டி ஒரு அடி நகர மாட்டேன்னுட்டு. நான் விடுவேனா? ஆளை வச்சுத் தள்ளியே வெட்டிட்டேன்லா!"

மெஹர் பானு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"முட்டளவு புல்லு வேணும்னுதான் அவிய இங்கன வந்ததே. நீங்க சும்மா இருக்க மாட்டீயன்னு தெரிஞ்சுதான அண்ணாச்சி, என்ஜின் ஓடுனாலும் வண்டி தானா நகராதபடி பின்பக்கக் கம்பிய நேத்து நானே இழுத்து விட்டுட்டுப் போனேன்!"